வாண்டுகளோடு வேடந்தாங்கல்

பொங்கல் லீவுக்குக் குழந்தைகளை எங்கே கூட்டிப் போவது என்று யோசிக்கிறீர்களா, சகோதரிகளே? மறைமலைநகரிலிருந்து கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே செங்கல்பட்டு போய், படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல்.

நவம்பர் முதல் மார்ச் வரை, ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரமாச்சே! 1790-களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடுவதைத் தடுத்தார்கள் ஊரார். தீபாவளிக்குக்கூட அங்கே வெடிச் சத்தம் கிடையாது.

கூச்சலுக்குப் பயந்து தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் காயும். குஞ்சைக் காக்காய் கொத்தும். தூங்கும் கைக்குழந்தையை யாராவது எழுப்பினால் நமக்கு எப்படி இருக்கும்? ஊதல், செல்போன் பாட்டு வேண்டாம். தலைமுறை தலைமுறையாய் ஊரே அடக்கி வாசிக்கிறது. நம் வாண்டுகள் ஒரு மணி நேரம் அடங்கினால் குறைந்தா போய்விடும்?