பழைய பெயருக்குப் புதிய அர்த்தம் வேண்டாம்

நாளிதழ்களில் போலீஸ் செய்தி படிப்பவர்களுக்கு 'என்கிற' என்ற சொல் நல்ல பழக்கம். அதையும் சுருக்கி, அடைப்புக்குறிக்குள் ஒரே ஓர் 'எ' போட்டுவிடுவார்கள். ஆள் ஒருவர்தான், பெயர் இரண்டு. ஆங்கிலத்தில் இதை 'அலியாஸ்' என்பார்கள். கம்ப்யூட்டரிலும் இதே பெயரில் ஒரு வசதி உண்டு. தினமும் அடிக்க வேண்டிய நீளமான கட்டளைக்கு நீங்களே ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்ளலாம். வசதி அருமையானது. ஆனால் பெயர் வைப்பதில் ஒரு விதியை மீறினால் மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் போய்விடக்கூடும்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் 'டெர்மினல்' என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கே படங்கள் கிடையாது. மௌஸுக்கும் அதிக வேலை இல்லை. கட்டளையை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். அதை வாங்கிப் படித்து, ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் வேலை வாங்கித் தரும் புரோகிராமுக்குப் பெயர் ஷெல். நிபுணர்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகுவது லினக்ஸில்தான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான். விண்டோஸில்கூட 2016 முதல் லினக்ஸ் ஷெல்லை ஓட்ட முடிகிறது.

ஷெல்லின் கட்டளைகள் ஏன் இரண்டெழுத்தில் இருக்கின்றன? யூனிக்ஸ் உருவான 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கையாண்ட டெலிடைப் இயந்திரம், நொடிக்கு 10 எழுத்துதான் அச்சடிக்கும். விசைகளையும் ஓங்கி அழுத்த வேண்டும். அதனால் எல்லாவற்றையும் சுருக்கினார்கள். 'லிஸ்ட்' என்பது எல்எஸ் ஆயிற்று. 'காப்பி' சிபி ஆயிற்று. 'ரிமூவ்', அதாவது அழிப்பது, ஆர்எம் ஆயிற்று. பிறகு கட்டளைகளோடு சேர்க்கும் ஆப்ஷன்கள் பெருகப் பெருக, சுருக்கியதெல்லாம் மறுபடி நீண்டுவிட்டது. 1970-களின் கடைசியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய 'சி ஷெல்' அலியாஸ் வசதியைக் கொண்டுவந்தது. 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த 'பாஷ்' அதை எடுத்துக்கொண்டது. மேக் கம்ப்யூட்டர்களில் 2019 முதல் வழக்கமாக வரும் 'இசட் ஷெல்'லிலும் அது உண்டு.

வைத்துக்கொள்வது சுலபம். 'அலியாஸ்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, புதுப் பெயர், சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் முழுக் கட்டளை என்று எழுத வேண்டும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. ஃபைல்களின் பட்டியலை அளவு, தேதியோடு காட்டும் 'எல்எஸ் -எல்' கட்டளைக்குப் பலரும் 'எல்எல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜன்னலை மூடினால் இந்தப் பெயர் மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் 'பாஷ்ஆர்சி' ஃபைலில் அதே வரியை எழுதி வைக்க வேண்டும். ஃபைலின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது.

இனி ஆபத்தான இடம். ஆர்எம் அழித்தால் அழித்ததுதான். மௌஸால் அழித்த ஃபைல் குப்பைத்தொட்டியில் காத்திருப்பது போல இங்கே எதுவும் காத்திருக்காது. 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த பிக்ஸார் நிறுவனத்தில், யாரோ தவறான இடத்தில் இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். படத்தின் பெரும் பகுதி மறைந்தது. பேக்கப்பைத் தேடினால் அது சரியாக வேலை செய்யவே இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது.

இதற்குப் பயந்து பலர் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆர்எம் கட்டளைக்கு '-ஐ' என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைச் சேர்த்தால், ஒவ்வொரு ஃபைலையும் அழிக்கும் முன் 'அழிக்கட்டுமா?' என்று கேட்கும். எனவே ஆர்எம் என்று அடித்தாலே 'ஆர்எம் -ஐ' என்று பொருள்படும்படி அலியாஸ் எழுதிவிடுகிறார்கள். ரெட் ஹாட் லினக்ஸில் 'ரூட்' என்னும் தலைமைக் கணக்குக்கு இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாகத் தயாராகவே வந்தது. புத்திசாலித்தனமாகத்தான் தோன்றும். ஆனால் இது நாலு இடத்தில் ஓட்டை.

ஒன்று, '-எஃப்' என்றால் 'கேட்காதே' என்று பொருள். இரண்டு ஆப்ஷன்களும் வந்தால் கடைசியாக வந்ததுதான் செல்லும். அலியாஸில் உள்ள '-ஐ' முன்னால் நிற்கும், நீங்கள் அடிக்கும் '-எஃப்' பின்னால் வந்து அதை வென்றுவிடும். பிக்ஸாரில் கொடுத்த கட்டளையிலும் '-எஃப்' இருந்ததாக அந்த நிறுவனத்தின் எட் காட்மல் 2014-ல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். இரண்டு, 'சூடோ' போட்டுத் தலைமை அதிகாரத்தில் கொடுக்கும் கட்டளைக்கு உங்கள் அலியாஸ் சாதாரணமாகப் பொருந்தாது. மூன்று, ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி ஓட்டும் கட்டளைகளை பாஷ் அலியாஸாகப் பார்ப்பதில்லை. நான்காவதுதான் பெரியது. அடுத்த கம்ப்யூட்டரில் உங்கள் அலியாஸ் இல்லை.

கை மூளையைவிட வேகமாகப் பழகும். 'ஆர்எம் எப்படியும் கேட்கும்' என்று ஆறு மாதம் பழகிய விரல்கள், ஆபீஸ் சர்வரிலும் அதே நம்பிக்கையோடு அடிக்கும். அங்கே அது கேட்காது. சொந்தக் கம்ப்யூட்டரில் கட்டிய பாதுகாப்பு, அடுத்தவர் கம்ப்யூட்டரில் கண்ணியாகிவிடுகிறது.

ஆகவே விதி இதுதான்: புதிய வேலைக்குப் புதிய பெயர் வையுங்கள். பழைய பெயரின் அர்த்தத்தை மாற்றாதீர்கள். 'ஆர்எம் -ஐ' வேண்டுமா? அதற்கு 'அழி' என்று ஆங்கில எழுத்துகளில் பெயர் சூட்டுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் மறந்துபோய் 'அழி' என்று அடித்தால் என்ன ஆகும்? 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பதில் வரும். ஒரு ஃபைலும் போகாது. தெரியாத பெயர் தோற்றால் நஷ்டம் இல்லை. தெரிந்த பெயர் அர்த்தம் மாறித் தோற்றால்தான் நஷ்டம்.

ஷெல்லின் ஆப்ஷன்களையும் இதே கண்ணோடு பாருங்கள். 'நோகிளாபர்' என்ற ஆப்ஷனைப் போட்டால், ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் வேறொன்றை எழுத 'பெரிது' குறியை உபயோகிக்கும்போது ஷெல் மறுத்துவிடும். நல்ல காவல்தான். ஆனால் அதுவும் உங்கள் வீட்டு வாசலில் மட்டும் நிற்கும் காவல். குறியை அடிக்கும் முன் பார்க்கும் பழக்கம்தான் எல்லா ஊருக்கும் உங்களோடு வரும்.

சந்தேகம் வந்தால் 'டைப்' என்று அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரையும் கொடுங்கள். அது அசலா, அலியாஸா என்று ஷெல்லே சொல்லிவிடும். முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் முதலில் 'டைப் ஆர்எம்' அடித்துப் பார்ப்பது நல்லது. அழிக்கும் முன், அதே ஃபைல் பெயர்களை எல்எஸ் கட்டளைக்குக் கொடுத்து எவையெல்லாம் பட்டியலில் வருகின்றன என்று பாருங்கள். இதற்கு ஐந்து நொடிகூட ஆகாது.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்தும் பாருங்கள். பிக்ஸாரிலும் பேக்கப் இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.