வரிசை பொருந்தினால் போதுமா?

முடிவுறு குலங்களை உட்குலங்களின் பெருக்கமாக எழுதும் கைப்பிரதிகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘வரிசைகள் பொருந்துகின்றன; எனவே கு = அஆ.’ அந்த ‘எனவே’ எங்களுக்குக் கவலை தருகிறது.

பிஎஸ்எல்(2,13) குலத்தைக் கு என எடுத்துக்கொள்வோம். அதன் வரிசை 1092. 13 உறுப்புகள் கொண்ட களத்தின் வீழ்ப்புக் கோட்டில் உள்ள 14 புள்ளிகள் மேல் அது செயல்படுகிறது. ஒரு புள்ளியை அசையாமல் வைக்கும் உட்குலம் அ. அதன் வரிசை 78. சீரான எழுகோணத்தின் சமச்சீர்க் குலத்தை ஒத்த உட்குலம் ஆ. அதன் வரிசை 14. இரண்டையும் பெருக்கினால் சரியாக 1092 வருகிறது.

ஆனால் கு = அஆ என்றால், ஆ ஒரு புள்ளியை 14 இடங்களுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்கு ஆ-வின் சமனி அல்லாத எந்த உறுப்பும் எந்தப் புள்ளியையும் அசையாமல் விடக்கூடாது. இங்கேதான் தடை. மட்டு 13-இல் 5-இன் வர்க்கம் −1. ஆகவே ஒரு புள்ளியை அதன் எதிர்மறைக்கு அனுப்பும் மாற்றம் குலத்துக்குள்ளேயே இருக்கிறது. அது பூச்சியத்தையும் முடிவிலியையும் அசைப்பதில்லை. வரிசை 2 கொண்ட உறுப்புகள் எல்லாம் ஒரே இணை வகுப்பு என்பதால், ஆ-வில் உள்ள ஏழும் அப்படியே: ஒவ்வொன்றும் இரண்டு புள்ளிகளை நிறுத்திவைக்கிறது. புள்ளிகள் ஏழேழாக இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. அ, ஆ இரண்டின் வெட்டு வரிசை 2. பெருக்கத்தில் இருப்பவை 546 உறுப்புகள், குலத்தில் சரிபாதி.

அதே அமைப்பை 13-க்குப் பதில் 7-இல் வைத்துப் பாருங்கள். 21 × 8 = 168. அங்கே −1 வர்க்கம் அல்ல. வரிசைகளுக்குப் பொதுக் காரணி இல்லாததால் வெட்டும் அற்பமே. காரணிப்படுத்தல் நிலைக்கிறது. 7-க்கும் 13-க்கும் இடையே மாறியது −1-இன் நிலை மட்டும்தான்.

இத்துறையின் அடித்தளம் உறுதியானது. 1955-இல் நொபொரு இட்டோ இரு பரிமாற்றுக் குலங்களின் பெருக்கத்தைப் பற்றி நிறுவியதை இன்றும் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். வீலாண்டும் கேகலும் இரு சுழிவல்லுக் குலங்களின் பெருக்கம் தீர்வுடையது என்று காட்டினர். 1990-இல் லீபெக், பிரேகர், சாக்ஸல் மூவரும் முடிவுறு எளிய குலங்களின் பெரும உட்குலக் காரணிப்படுத்தல்களைப் பட்டியலிட்டபின், எளிய குலங்களுக்கு நாமே எண்ணிப் பார்த்துத் தடுமாற வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

ஆகவே இனி கைப்பிரதிகளில் வெட்டின் வரிசையைத் தனியே எழுதுங்கள். வரிசைகளுக்குப் பொதுப் பகாக் காரணி இருந்தால், அந்தப் பகா வரிசை உறுப்புகளின் இணை வகுப்புகளையும் சேர்த்தே பாருங்கள். கு = அஆ உண்மையானால் ஆ-வுக்குப் பதில் அதன் எந்த இணை உட்குலத்தை வைத்தாலும் வெட்டின் வரிசை மாறாது; ஒரே ஓர் இணையில் மாறினாலும் காரணிப்படுத்தல் இல்லை. கணினி சொன்ன ‘ஆம்’ மட்டும் எங்களுக்குப் போதாது, காரணமும் வேண்டும்.

1092 போல வரிசை பொருந்தியும் பெருக்கம் பொருந்தாத குலங்கள் உங்கள் குறிப்பேடுகளில் நிச்சயம் இருக்கும். அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்காக இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம்.