உறைக்குள் எஞ்சும் துகள்

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறையை மறுபடி நிரப்புவதற்கு முன், அதில் படிந்த கரியையும் களிம்பையும் போக்க, தேய்ப்புத் துகளோடு சேர்த்து அதிர்வுத் தொட்டியிலோ சுழலும் டிரம்மிலோ போட்டு உருட்டுகிறார்கள். உறை பளபளத்ததும் வேலை முடிந்ததாகப் பலரும் எண்ணிவிடுகிறார்கள். உறை மினுங்காமல் இருந்தாலும் தோட்டா ஒழுங்காக வெடிக்கும். உள்ளே துகள் எஞ்சியிருந்தால்தான் ஆபத்து. துகளையும் உறையையும் பிரிக்கும் வேலைக்குத் தேய்ப்பைக் காட்டிலும் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியாவில் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமத்துக்கு உட்பட்டது. கீழே சொல்லப்படுபவை உரிமம் பெற்ற பணிமனைகளுக்கும் துப்பாக்கிச் சங்கங்களின் ஆயுதப் பராமரிப்பாளர்களுக்கும் உரியவை.

உலர்முறைக்கு வால்நட் ஓட்டுத் தூளும், மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையின் தூளும் உலகெங்கும் பழக்கத்தில் உள்ளவை. கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள பாலக்காட்டுப் பகுதிக்கு வால்நட் தொலைவு. மக்காச்சோளக் கட்டை அருகிலேயே உண்டு. கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் கிழக்கே உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் கோழித் தீவனத்துக்காக விளையும் மக்காச்சோளத்தின் கட்டையையே அரைத்துக்கொள்ளலாம். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தேங்காய்ச் சிரட்டைத் தூளும் மென்மையான தேய்ப்புப் பொருள்தான். ஆனால் இப்படி அரைத்த தூளை அப்படியே கொட்டக் கூடாது. ஒற்றைத் துளை உள்ள உறைகளில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அமரும் குழியிலிருந்து மருந்தறைக்குப் போகும் தீத்துளையின் குறுக்களவு சுமார் 2 மி.மீ. அதே அளவை ஒட்டிய துகள் துளைக்குள் ஆப்பாக இறுகிக்கொள்ளும். எனவே 1½ மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் தங்கும் பெரிய துகள்களை நீக்கிவிட்டு, அதைவிடச் சிறிய கண்ணுள்ள இன்னொரு சல்லடையால் பொடியையும் தள்ளி, இடைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொடி உறையின் உட்சுவரில் ஒட்டும். பெரிய துகள் துளையை அடைக்கும். இராணுவப் பயன்பாட்டுக்கான .303 பிரிட்டிஷ் உறைகளில் தீத்துளை இரண்டு, அவை இன்னும் நுண்ணியவை. அங்கே இந்தக் கணக்கை மேலும் இறுக்க வேண்டும்.

உமியும் உமிச்சாம்பலும் நெல் விளையும் பாலக்காட்டில் தாராளமாகக் கிடைக்கும். சாம்பலும் புளியும் போட்டுப் பித்தளைப் பாத்திரம் துலக்கிய கை, உறைக்கும் அதையே தேடும். அதை அனுமதிக்கக் கூடாது. உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா; அது உறையில் கீறல் போடுவதோடு, உறையை அளவுக்குக் கொண்டுவரும் டையையும் தேய்த்துவிடும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளையைப் புளிக்கரைசலில் வெகுநேரம் ஊறவிட்டால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் நீங்கி இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும்.

உலர்முறையில் பிரிப்பதற்கு ஏற்ற கருவி, கைப்பிடியோடு தொட்டிக்குள் சுழலும் வலைக்கூடை. வேகமாகச் சுழற்றினால் சீக்கிரம் உதிரும் என்று நினைப்பது தவறு. 30 செ.மீ. குறுக்களவுள்ள கூடை நிமிடத்துக்கு 77 சுற்றை நெருங்கும்போது உறைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். அவை கவிழாததால் துகளும் கொட்டாது. அதில் பாதி வேகமே போதும். ஒவ்வோர் உறையும் வாய் கீழாகப் பலமுறை விழ வேண்டும், சுழற்றும் திசையையும் மாற்ற வேண்டும். கழுத்து குறுகிய 5.56 மி.மீ. உறைகள் கூடைக்குள் கூடுதல் நேரம் கேட்பவை.

ஈரமுறையில் துருப்பிடிக்காத எஃகுக் குச்சிகளோடு தண்ணீரும் சோப்பும் சேரும். குச்சியின் தடிப்பு சுமார் 1 மி.மீ., நீளம் சுமார் 6½ மி.மீ. ஒரு குச்சி தீத்துளையில் நழுவிவிடும். இரண்டு சேர்ந்து நுழைந்தால் இறுகிக்கொள்ளும். 5.56 மி.மீ. உறையின் கழுத்து உட்புறம் சுமார் 5.7 மி.மீ. என்பதால், நீளமான குச்சி அதற்குள் சாய்வாகக் குறுக்கே மாட்டிக்கொள்வதும் உண்டு. கூடையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே சுழற்றினால் குச்சிகள் எளிதில் வழுக்கி வெளியேறும். பிறகு காந்தம் உதவும். ஆனால் சிலவகைத் துருப்பிடிக்காத எஃகு காந்தத்துக்குச் சரியாக ஒட்டாது, ஆகவே காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. எந்த முறையானாலும் கடைசிச் சோதனை கண்ணுக்குரியது: ஒவ்வோர் உறையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வாயிலிருந்து தீத்துளை வரை ஒளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை எவ்வளவு ஆனாலும் இந்தப் படி குறையக் கூடாது.

எந்த முறையைத் தேர்வது என்பதை இடமும் பருவமும் தீர்மானிக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே உலர்ந்த கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் சித்தூர்ப் பக்கம் மக்காச்சோளத் தூள் கட்டி கட்டாது. தென்மேற்குப் பருவமழையில் இடுக்கி மலைப்பகுதியின் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் அதே தூள் ஈரத்தைக் குடித்து உறையின் அடியில் திரளும். அங்கே ஈரமுறையே மேல். ஆனால் உலர்த்தல்தான் அங்கே கடினம்: பிரைமர் குழியில் தங்கும் ஒரு சொட்டு நீரும் அடுத்த தோட்டாவைக் கெடுக்கும். வாயைக் கீழே வைத்து இளஞ்சூட்டுக் காற்றில் உலர்த்தலாம். ஏலக்காய் உலர்த்தும் அறை வசதியாகத் தெரிந்தாலும் அதை ஒருபோதும் தொடக் கூடாது. பிரைமர் எரிந்த கசடில் ஈயம் இருக்கிறது, அது உணவுப்பொருளோடு சேரவே கூடாது.

உலர்முறையில் இந்த ஈயம் பிரிக்கும்போதுதான் காற்றில் பறக்கிறது. வேலையைத் திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று, முகக்கவசமும் கையுறையும் அணிந்து செய்ய வேண்டும். தூளோடு கொஞ்சம் நனைந்த காகிதத் துண்டுகளைப் போட்டு உருட்டினால் தூசி அதில் ஒட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது. கை கழுவாமல் உண்ணக் கூடாது.

இன்னொரு பகை அம்மோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரைப்படையின் தோட்டாக்கள் தொழுவத்தருகே வைக்கப்பட்டபோது, மழைக்காலத்தில் உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், ஈரமும், உறையை உருவாக்கும்போது அதில் தங்கிய இறுக்கமும் சேர்ந்து அதைச் செய்கின்றன என்று மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் 1921-இல் விளக்கினார்கள். இந்த எல்லைப்புறத்தில் மாட்டுத்தொழுவம், கோழிக்கொட்டகை, தோட்டங்களின் யூரியாக் கிடங்கு ஆகிய மூன்றும் அதே ஆபத்தைத் தருபவை. பிரித்த உறைகளை அவற்றின் அருகே உலர்த்தவோ சேமிக்கவோ கூடாது. அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தை உருட்டும் தூளில் ஊற்றுவதும் இதே தவறுதான்.

பயன்படுத்தித் தீர்ந்த தூளைத் தென்னைக்கு எருவாகப் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது, மாட்டின் கண்ணில் படும்படி கொட்டவும் கூடாது. மக்காச்சோள வாசனைக்கு மாடு வாய் வைக்கும். ஈரமுறையின் அழுக்குநீர் ஓடைக்கோ கிணற்றருகேயோ போகக் கூடாது. இரண்டையும் இறுக்கமாக மூடிய கலத்தில் சேர்த்து, ஈயக்கழிவு என்று எழுதி ஒட்டி, அபாயக் கழிவை ஏற்கும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.