அக்காவின் மெழுகுதிரி

யாழ்ப்பாணம் கம்பசில் பாதியில் விட்ட படிப்பில் எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: 1844இல் மார்க்ஸ் மதத்தை அபின் என்றது. அதை வைத்துக்கொண்டு கனபேரோடு வாதாடியிருக்கிறேன்.

இப்போது பலேர்மோ துறைமுகத்தடியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். குசினிக்கு வெளியே வந்தால் பெல்லெக்ரினோ மலை தெரியும். 1624இல் இந்தத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடுதான் கொள்ளைநோய் ஊருக்குள் பரவியது. அந்த மலைக்குகையில் கிடைத்த எலும்புகள் புனித ரொசாலியாவுடையவை என்று நம்பி, 1625இல் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அதோடு நோய் விட்டதாம்.

இன்று எங்கட சனமும் அந்த மலை ஏறுகிறது. வேதக்காரர் மட்டுமில்லை, சைவக்காரரும்தான். என்னோடு வேலை செய்யும் அக்காவும் ஏறுவார். அவரின் தம்பி 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர்.

"எலும்புக்கோ அக்கா மெழுகுதிரி?" என்று ஒருநாள் பகிடி விட்டேன்.

"வேற ஆரிட்டையடா தம்பி கேக்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு மார்க்ஸைத் திரும்ப வாசித்தேன். அபின் என்பதற்குச் சற்று முன்னரே, மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்கிறார். அந்தக் காலத்தில் அபின் நோவுக்கு மருந்தும்தான். நான் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்காக மதத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் சாதி சொல்லி ஆட்களை மறித்ததும் மதத்தின் பெயரால்தான். அந்தக் கேள்வியை வாசலை மறித்தவனிடம் கேட்கவேண்டும். மலை ஏறுகிற அக்காவிடமல்ல.

அக்காவுக்குப் பதில் சொல்லவேண்டியது ரொசாலியா இல்லை, இலங்கை அரசு. அது சொல்லும்வரைக்கும் அந்த மெழுகுதிரியை ஊதி அணைக்க நான் ஆர்?