புத்தகத்தில் வந்தது, நாளிதழில் வராதது

1883இல் வியட்நாமின் துவான் ஆன் கோட்டைகளைப் பிரெஞ்சுக் கடற்படை கைப்பற்றியது. அப்போது நடந்த படுகொலையை எழுதியவர் அதே படையின் அதிகாரி, நாவலாசிரியர் பியேர் லோத்தி. லெ ஃபிகாரோ நாளிதழ் அதை வெளியிட்டது. அரசு அவரை உடனே திருப்பி அழைத்துக்கொண்டது. இத்தனைக்கும் அவர் படையைத் தூற்ற எழுதவில்லை, தான் கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

1931இல் பாரீஸில் காலனியக் கண்காட்சி கோலாகலமாக நடந்தது. அதே ஆண்டு காலனி அமைச்சர் போல் ரெய்னோவுடன் இந்தோசீனா சென்றார் நிருபர் ஆந்த்ரே வியோலிஸ். அரசு விருந்துகளோடு நிற்காமல் சிறைகளையும் பஞ்சத்தையும் விசாரித்தார். ஆனால் கைதிகள் பட்ட சித்திரவதை விவரமாக அச்சேறியது 1933இல், எஸ்பிரி இதழில். பிறகு 1935இல் 'இந்தோசீனா எஸ்.ஓ.எஸ்.' நூலில். முன்னுரை எழுதியவர் எழுத்தாளர் ஆந்த்ரே மல்ரோ. 1923இல் கம்போடியாவின் பந்தே ஸ்ரேய் கோயில் சிற்பங்களைப் பெயர்த்துப் பிடிபட்ட அதே மல்ரோதான்!

நாவலாசிரியர் மார்கரித் துராஸின் கதை இன்னும் சங்கடமானது. சைகோன் அருகே பிறந்த அவர், காலனி அமைச்சகத்தில் வேலை பார்த்தபோது, 1940இல் பிரெஞ்சுப் பேரரசைப் புகழும் நூலொன்றை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். பத்தாண்டு கழித்து வந்த அவரது நாவலில், லஞ்ச அதிகாரிகள் ஓர் ஏழை வெள்ளைக்காரத் தாயின் தலையில் உப்புநீர் புகும் நிலத்தைக் கட்டுகிறார்கள்.

அந்த நாவலிலும் கதையின் நடுவே நிற்பது வெள்ளைக் குடும்பம்தான். கம்போடிய உழவர்கள் பின்னணியில்தான் வருகிறார்கள். லோத்தியின் துணிச்சலையும் வியோலிஸின் உழைப்பையும் மதிக்கலாம். ஆனால் வியட்நாமியரே எழுதியதை அவர்கள் எழுத்துக்கு முன்னால் படிக்க வேண்டும். 1925இல் பாரீஸில் பிரெஞ்சு மொழியிலேயே காலனி ஆட்சியைத் தோலுரித்த நூல் வெளிவந்தது. எழுதியவர் பின்னாளில் ஹோ சி மின் எனப் பெயர் பெற்றவர்.