கோல்ஃப்: கடைசி நூறு கஜம்

கோல்ஃப் என்றதும் கோபி பக்கம் பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமாதான். வெள்ளைத் தொப்பி போட்ட பணக்கார வில்லன் மட்டையை ஓங்கி வீசுவார். பந்து வானத்தில் மறையும். பக்கத்தில் நிற்கும் செக்ரட்டரி கை தட்டுவார். அந்தப் பந்து எங்கே போய் விழுந்தது, அதைக் குழிக்குள் போட அவருக்கு இன்னும் எத்தனை அடி ஆனது என்று யாரும் காட்டுவதில்லை. அதைக் காட்டினால் வில்லனின் கெத்து போய்விடும் :-)

அந்தக் காட்டாத பகுதிக்கு ஆங்கிலக்காரன் வைத்த பெயர் ஷார்ட் கேம். குழியிலிருந்து சுமார் நூறு கஜத்துக்குள் நடப்பதெல்லாம் இதில் சேரும். கிரீனுக்குச் சற்று வெளியிலிருந்து பந்தைத் தட்டி உருளவிடும் சிப், கொஞ்சம் உயரத் தூக்கிப் போடும் பிட்ச், மணல் குழியிலிருந்து எடுப்பது, கடைசியில் கிரீன் மேல் பட்டரால் உருட்டுவது. (பட்டர் என்றால் வெண்ணெய் இல்லை மக்களே, பெரும்பாலும் கிரீன் மேல் பயன்படும் தட்டையான மட்டை.)

ஒரு சின்னக் கணக்கு. வழக்கமான மைதானம் 18 குழி, 72 பார். பார் என்பது நன்றாக ஆடுகிறவர் எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை. அந்த 72-ல் குழிக்கு இரண்டு வீதம் 36 அடி பட்டருக்கு என்றே ஒதுக்கியிருக்கிறது. டிரைவர் என்ற பெரிய மட்டையை எடுத்தால் அதிகபட்சம் ஒரு பதினான்கு முறை எடுக்கலாம். மீதி நான்கு குழிகள் பொதுவாகப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் புதிதாக ஆட வருகிறவர் முதலில் காசைக் கொட்டுவது டிரைவரில். பயிற்சி மைதானத்தில் பாருங்கள், வந்தவர் கூடை நிறையப் பந்து வாங்கி வெளுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருக்கும் பட்டிங் கிரீன் காலியாகக் கிடக்கும்.

இந்த இடத்தில் "ஆக பாதி ஆட்டமே பட்டர்தான்" என்று முடித்துவிடுவது பலரின் வழக்கம். அது சரியில்லை. கொலம்பியா பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்க பிஜிஏ டூரில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை எடுத்துக் கணக்குப் போட்டு 2014-ல் 'எவ்ரி ஷாட் கவுண்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். உச்சத்தில் இருக்கும் ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட முன்னே நிற்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு வெளியே அடிப்பவற்றால் வருகிறது, உள்ளே நடப்பதால் வருவது மூன்றில் ஒரு பங்குதான் என்பது அவர் கண்டது. காரணம் எளிது. அந்த 36-ல் பல அடிகள் ஒரு அடி, அரை அடி தூரத்திலிருந்து போடுவது. அதை எல்லோரும் போட்டுவிடுவார்கள். அதில் ஒருவரை ஒருவர் முந்த முடியாது.

அப்படியானால் ஷார்ட் கேமுக்கு மெனக்கெடுவது வீணா? இங்கேதான் காமர்ஸ் மூளை கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். மொத்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி. அடுத்த நூறு ரூபாயை, அடுத்த ஒரு மணி நேரத்தை எங்கே போட்டால் அதிகம் திரும்பி வரும் என்பது வேறு கேள்வி. டிரைவரில் இருபது கஜம் கூட்ட உடம்பு வேண்டும், கோச் வேண்டும், 250 கஜ நீளத்துக்கு இடம் வேண்டும். அத்தனையும் கிடைத்தாலும் முப்பது வயதில் ஆரம்பித்தவருக்கு ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. மூன்று முறை உருட்டிப் போடுவதை இரண்டாகக் குறைக்க வேண்டியது ஒரு பட்டரும் முப்பது அடி சமதரையும்தான். டிரைவர் வாங்கிய நாளிலிருந்தே தேய்மானம் கழிக்க வேண்டிய சொத்து, அடுத்த வருஷம் புது மாடல் வந்துவிடும். கைப்பழக்கத்துக்குத் தேய்மானம் இல்லை, வட்டிதான்.

இதற்கு சாட்சி தேடி ஸ்காட்லாந்து போக வேண்டாம். பெங்களூரு அதிதி அசோக் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7, காலையிலேயே எழுந்து விதி என்னவென்றே தெரியாமல் கோல்ஃப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அறுபது பேர் ஆடிய போட்டியில் டிரைவர் தூரத்தில் அதிதி கடைசி வரிசை. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு கொரோனா வந்து போனதில் இருந்த தூரமும் குறைந்திருந்தது. நான்கு நாள் முடிவில் அவர் 269. தங்கம் வாங்கிய அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267. வெள்ளியும் வெண்கலமும் 268-ல் போனது. ஒரே ஒரு அடியில் பதக்கம் தவறி நான்காவது இடம். மற்றவர்கள் குட்டை மட்டையால் கிரீனுக்கு அடித்த இடத்தில், இவர் பின்னாலிருந்து நீள மட்டையால் அடித்துவிட்டு, இழந்ததையெல்லாம் கிரீனைச் சுற்றியும் கிரீன் மேலும் மீட்டார். (அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதில் இது பலருக்கு மறந்தே போனது.) கடைசியில் ஜெயித்தது நீளமாக அடிக்கும் கோர்டாதானே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், பிராடி சொன்னது பொய் இல்லை. ஆனால் தூரம் இல்லாத ஒருவர் அந்த இடம் வரை போக வேறு வழியே இல்லை என்பதும் பொய் இல்லை.

இன்னொருவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். கோச் வைத்துப் படித்தவர் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றார். சிப்பும் பட்டும்தான் இவர் பிழைப்பு என்பதால் பெயரையே 'சிப்புட்சியா' என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். 2016, 2017 என இரண்டு வருஷம் தொடர்ந்து இந்தியன் ஓபன் அவருடையது. இரண்டாவது முறை ஜெயித்தது ஏழு அடி வித்தியாசத்தில். கிளப் உறுப்பினரின் பிள்ளைக்கு மைதானம் முழுக்கக் கிடைக்கும். வேலைக்காரர் பிள்ளைக்கு அந்தி நேரத்தில் கிரீன் ஓரமாகக் கொஞ்சம் இடம் கிடைத்தாலே பெரிசு. அந்தக் கொஞ்ச இடத்தில் வளரக்கூடியது ஷார்ட் கேம் ஒன்றுதான்.

சரி, எப்படித் தேற்றுவது?

முதலில் பட்டிங். புதிதாக ஆடுகிறவர் பந்து வலது பக்கம் போச்சு, இடது பக்கம் போச்சு என்று புலம்புவார். உண்மையில் அவரைக் கெடுப்பது வேகம். முப்பது அடியிலிருந்து திசை ஒரு அடி தப்பினால் பாதகமில்லை. வேகம் தப்பினால் பந்து ஏழெட்டு அடி முன்னாலோ தாண்டியோ நிற்கும். எட்டு அடியிலிருந்து உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள்! ஆக எட்டடி மிச்சம் வைத்தவர் பாதி தோற்றாகிவிட்டது. எனவே 10, 20, 30 அடி என்று குச்சி நட்டு, குழியே இல்லாமல் பந்தைக் குச்சியருகே நிறுத்திப் பழகலாம். குட்டை தூரத்துக்கு, நாஸாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃப் சொல்லிக்கொடுக்க வந்த டேவ் பெல்ஸ் ஒரு அளவு சொன்னார்: குழியில் விழாவிட்டால் 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகம். குழிக்கு முன்னாலேயே நின்ற பந்து எந்தக் காலத்திலும் உள்ளே விழாது என்பதுதான் அதன் தர்க்கம்.

அடுத்து சிப். இதில் எல்லோரும் செய்யும் ஒரே தப்பு, பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று மணிக்கட்டை மடக்கிக் கரண்டி போல் அள்ளுவது. தூக்கும் வேலையை மட்டையின் சாய்வு பார்த்துக்கொள்ளும். உடம்பு எடை முன்னங்காலில், கைகள் பந்துக்குச் சற்று முன்னால், பந்தைக் கொஞ்சம் கீழ்நோக்கித் தட்டினால் போதும். குழியைக் குறி வைக்காமல், கிரீனுக்குள் ஒரு கஜம் தள்ளி ஒரு இடத்தைப் பார்த்து அங்கே பந்தை விழ வைத்து மீதியை உருளவிட வேண்டும். உருட்ட முடிந்தால் உருட்டு, முடியாவிட்டால் மட்டும் தூக்கு. சின்ன வயதில் கோலிக்குண்டு ஆடியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். குழிக்குக் குண்டை உருட்டுகிறவன் ஆகாயத்திலா எறிவான்?

நம்ம பக்கத்துக்கென்று ஒரு விஷயம். சமவெளி மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். நிற்கும் இடத்திலிருந்து குழிப்பக்கம் புல் பளபளப்பாகத் தெரிந்தால் சாய்வு அந்தப் பக்கம், பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்பக்கம், பந்து சீக்கிரம் நின்றுவிடும், சிப் அடிக்கும் மட்டையும் மண்ணில் சிக்கும். டிவியில் குளிர்நாட்டுக் கிரீனைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் இங்கே திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணல் குழி பார்ப்பதற்குத்தான் பயம். பந்தை அடிக்கவே கூடாது, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்தால் மணலே பந்தை வெளியே தள்ளும். அதற்காகவே அடிப்பாகம் தடித்த சாண்ட் வெட்ஜை ஜீன் சரசென் உருவாக்கி, 1932 பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்துக் காட்டினார்.

பழகும் முறை பற்றி ஒன்று. ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்து அடிப்பது சுகமாக இருக்கும், பலன் குறைவு. ஆட்டத்தில் ஒரே இடத்திலிருந்து இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒரே பந்து, ஒவ்வொரு முறையும் வேறு இடம், குழியில் விழும் வரை ஆடி இரண்டு அடியில் எத்தனை முறை முடிந்தது என்று நோட்டில் எழுதி வைப்பதுதான் நிஜப் பயிற்சி.

இதெல்லாம் கோபியில் யாருக்கு என்று கேட்கலாம். அருகிலுள்ள 18 குழி மைதானம் கோவை செட்டிபாளையத்தில், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இங்கேயே ஒன்று கட்டலாமே என்று யாராவது கிளம்பினால் அதை எதிர்ப்பதுதான் நியாயம். ஒரு முழு மைதானம் பெரும்பாலும் நூறு ஏக்கருக்கு மேல் விழுங்கும், தினமும் தண்ணீர் கேட்கும். தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் நெல்லுக்கே பாயட்டும்.

ஆனால் பட்டிங் கிரீனுக்கு ஏக்கர் கணக்கு வேண்டாம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், அந்தப் புகழ்பெற்ற பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே 'ஹிமாலயாஸ்' என்று மேடும் பள்ளமுமாக ஒரு பட்டிங் தரை இருக்கிறது. 1867-ல் தொடங்கிய பெண்கள் கிளப்புடையது. உறுப்பினர் அல்லாத யாரும் சின்னக் கட்டணம் கட்டி ஒரு பட்டரை வாங்கிக்கொண்டு ஆடலாம். குழந்தை, பாட்டி, டூரிஸ்ட் எல்லோரும் ஆடுகிறார்கள். கொங்கு நாட்டில் இப்போது சின்ன ஊரில்கூட செயற்கைப் புல் போட்ட கிரிக்கெட் டர்ஃப் வந்துவிட்டது. சாயங்காலம் ஆறுக்கு மேல்தான் அங்கே கூட்டம். பகலெல்லாம் வெயிலில் சும்மா கிடக்கிறது. ஒரு ஓரத்தில் இருபதுக்கு முப்பது அடிக்குக் குட்டைப் புல் விரித்து நாலு குழி போட்டு, காலை ஆறு முதல் எட்டு வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு மணிக்குப் பத்து ரூபாய் என்று விட்டால் டர்ஃப்காரருக்கும் நஷ்டமில்லை. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், பால் டப்பாவை வெட்டிப் புதைத்தாலே கிட்டத்தட்ட வந்துவிடும். பட்டர் பழையது நாலைந்து போதும், கோவை கிளப்காரர்கள் வீட்டுப் பரணில் தேடினால் அதற்கு மேலேயே கிடைக்கும்.