காலி இருக்கு, ஆனா நமக்கு இல்லை



நம்ம சுவரேட்டில் கவிதை, விடுகதை, பொன்மொழி எல்லாம் வரும். நான் இந்த முறை கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேன். "நமக்கெதுக்கு இது" என்று அடுத்த தாளுக்குப் போயிடாதீங்க. இதில் எங்க தாத்தாவும் வருகிறார்.

தாத்தா கொடிக்கால்காரர். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அல்லவா? அதை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்யலாம் என்று அவரைப் பேசவைத்து செல்போனில் வீடியோ எடுத்தேன். அகத்தியை எப்போ விதைக்கணும், கொடியை எப்படிக் கட்டணும், வெத்தலையை எந்த நேரத்தில் கிள்ளணும் என்று 40 நிமிஷம் பேசினார். மெமரி கார்டு நிறைஞ்சு போச்சு. அக்காவின் லேப்டாப்பில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். அதில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. பாஸ் என்றால் முதலாளி இல்லை, பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. பெரியம்மா மகன் அண்ணன் பாலிடெக்னிக்கில் சி மொழி படிக்கிறார். அவர் ஒரு சின்ன புரோகிராம் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். முதலில் டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று கேட்கும். இடம் போதும் என்றால் ஃபைலைக் காப்பி செய்யும்.

ஓட்டிப் பார்த்தோம். 1 ஜிபி காலி என்று வந்தது. வீடியோ 300 எம்பிதான். "காப்பி ஆயிடுச்சு" என்றும் வந்தது. நானும் சந்தோஷமாக கார்டில் இருந்ததை அழித்துவிட்டேன். சாயங்காலம் திறந்தால் ஃபைலின் பேர் இருக்கு, உள்ளே ஒண்ணுமில்லை. அளவு 0. தம்பி கேம் போட்டுக் கெடுத்துட்டான்னு அம்மாவிடம் அவன் அடி வாங்கினான். பாவம், அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆச்சு. டிஸ்க்கின் கணக்கைக் கேட்க சி-யில் ஸ்டாட்விஎஃப்எஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கு. ஒரு பாதையைக் கொடுத்துக் கேட்டால், அந்தப் பாதை இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை ஒரு ஸ்ட்ரக்சரில் நிரப்பித் தரும். சரியாக நடந்தால் 0, இல்லாவிட்டால் மைனஸ் 1 திரும்பி வரும். அது ஜிபி-யில் சொல்லாது, பிளாக் பிளாக்காகச் சொல்லும். எஃப்_எஃப்ஆர்சைஸ் என்ற அளவால் நாமதான் பெருக்கிக்கணும். எங்களுக்கு வந்தது 2,62,144 பிளாக். ஒரு பிளாக் 4,096 பைட். பெருக்கினால் சரியாக 1 ஜிபி. பெருக்கலில் தப்பே இல்லை.

அந்த ஸ்ட்ரக்சரில் காலி இடத்துக்கு இரண்டு எண் இருக்கு. எஃப்_பிஃப்ரீ என்றால் மொத்தமாக எவ்வளவு காலி. எஃப்_பிஅவெய்ல் என்றால் சாதாரண ஆள் எவ்வளவு எடுத்துக்கலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே, நாம் மாற்றிச் சொல்லாவிட்டால், 100-க்கு 5 பங்கை ரூட் என்ற நிர்வாகிக்கு எடுத்து வைத்துவிடும். எங்க பார்ட்டிஷன் 20 ஜிபி. அதில் 5 பங்கு 1 ஜிபி. நாங்க பார்த்த 1 ஜிபி அதேதான்! எஃப்_பிஅவெய்ல் 0.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க டிஸ்க்கே வேண்டாம். நம்ம வயலுக்கு வரும் பெரியாறு தண்ணீரை நினைத்துப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனால் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் சுரங்கம் வழியாக நம்ம பக்கம் வராது. அணையில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், அதை நம்பி நாற்றுப் பாவ முடியுமா?

அந்த ஒதுக்கீடே தப்பு என்று நான் சொல்லவில்லை. டிஸ்க் நிறைந்தாலும் சிஸ்டம் தன் வேலையைப் பார்க்க இடம் வேண்டும். எங்க பாட்டி விதைநெல் பானையைத் தொடவிட மாட்டார், அது மாதிரி. ஆனால் பசிக்குதுன்னு வந்தவனிடம் அந்தப் பானையையும் சேர்த்து அரிசி இருக்குன்னு சொல்லலாமா? என் கருத்து இதுதான்: மனுஷங்களுக்குக் காட்டும் புரோகிராமில் எஃப்_பிஅவெய்லைத்தான் "காலி" என்று காட்டணும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "எஃப்_பிஃப்ரீ பொய் சொல்லலையே, டிஸ்க்கில் நிஜமாகவே காலி இருந்துச்சு" என்கிறார். நிஜம்தான். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே! லினக்ஸில் டிஎஃப் என்று ஒரு கட்டளை இருக்கு. அதிலும் அவெய்ல் என்ற இடத்தில் எஃப்_பிஅவெய்ல்தான் வரும். அதனால்தான் செலவானதையும் மிச்சத்தையும் கூட்டினால் பல நேரம் மொத்தம் வராது.

ஃபைல் எண்ணிக்கைக்கும் தனிக் கணக்கு இருக்கு, எஃப்_ஃபேவெய்ல். பெஞ்சில் இடம் இருந்தாலும் பதிவேட்டில் பேர் எழுத வரி இல்லாவிட்டால் சேர்க்க முடியாதே, அது போல. எங்க ஃபைலுக்கு வரி கிடைத்தது, பெஞ்சுதான் இல்லை. அதான் பேர் மட்டும் இருந்தது.

இன்னொரு தப்பையும் மறைக்கக் கூடாது. சரியான எண்ணைக் கேட்டிருந்தாலும், நாம் கேட்டதற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறு புரோகிராம் அந்த இடத்தை எடுத்துக்கலாம். அதனால் எஃப்ரைட், எஃப்குளோஸ் இரண்டும் என்ன திருப்பித் தருகிறது என்று பார்க்கணும். நாங்க பார்க்கவே இல்லை. எழுதாமலே "காப்பி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டோம். அந்த வரியை டைப் அடித்தது நான்தான்.

இப்போ இரண்டையும் திருத்தியாச்சு. வேண்டும் என்பவர்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்து கேளுங்கள், நோட்டுத் தாளில் எழுதித் தருகிறேன்.

தாத்தாவை மறுபடி பேசச் சொன்னேன். "அதான் அன்னைக்கே சொன்னேன்ல தாயி" என்றார். கெஞ்சினேன். 12 நிமிஷம்தான் பேசினார். முதல் தடவை அவரும் அவங்க அண்ணனும் வெள்ளத்தில் கொடிக்காலைக் காப்பாற்றிய கதை சொன்னார். இந்தத் தடவை அதைச் சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி